சியர்லீடிங் படத்தை ஏழு முறை எடுத்த அக்கா

டிவிடி கடைக்கு வருகிறவர்கள் கவுண்டரில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: படம் நன்றாக இருக்குமா? அக்கா மட்டும் அதைக் கேட்டதே இல்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுல என்னாம்மா தெரிஞ்சிக்கலாம்?" என்பார்.

நான் அப்போது நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிவிடி வாடகைக் கடையில் வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. முடித்து, ஏழு வருஷம் கம்பெனியில் குப்பை கொட்டி, கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு ஆக்லாந்து வந்து சேர்ந்தவள். 'நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா?' என்று கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இந்த வேலையில் உட்கார்ந்தேன். சினிமா மேல் எனக்குப் பெரிய பக்தி கிடையாது. விளக்கை அணைத்தால் இருபதாவது நிமிஷம் தூங்கிவிடுவேன். அதனால் அக்காவின் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. "பொழுதுபோக்குக்குப் பார்க்கிறதுக்கா. இதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?" என்று ஒரு நாள் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ரெண்டு மணி நேரம் உக்கார்றோம்ல? சும்மாவா உக்கார்றது?" என்று கேட்டார். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது.

அக்காவுக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ பக்கம். இங்கே மாலில் ஒரு கர்ட்டன் கடையில் துணி அளந்து, வெட்டி, ஓரம் தைக்கிற வேலை. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். அதோடே பஸ் ஏறுவார், அதோடே காய் வாங்குவார். கணவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துபோவார். வீட்டில் அக்காவும் மகள் தர்ஷினியும்தான். நான் போனில் என் அம்மாவோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கித்தான் முதல் நாள் என்னிடம் வந்தார். சண்டை முடியும்வரை நாகரிகமாகக் காத்திருந்துவிட்டு, "பசியாறியாச்சா?" என்றார். சாப்பிட்டாயா என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

படத்தில் பார்த்ததை அப்படியே நம்புவது அவர் குணம். கப்பல் மூழ்குகிற படம் ஒன்றை எடுத்துப்போன வாரம், டெவன்போர்ட்டுக்குப் படகில் போனோம். அக்கா ஏறியவுடன் உயிர்காப்பு அங்கிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். கீழ்த்தளத்தில் எத்தனை, மேல்தளத்தில் எத்தனை என்று படகுக்காரரிடம் விசாரணை வேறு. அந்த மனிதரும் பொறுமையாகப் பதில் சொன்னார். பன்னிரண்டு நிமிஷப் பயணம். எண்ணி முடிப்பதற்குள் கரை வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் அவரை ஒரேயடியாகக் கேலி செய்யவும் முடியாது. ஆஸ்பத்திரிப் படம் ஒன்றில், மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு காலையில் கர்ட்டன் கடை மேனேஜர் வணக்கம் சொன்னபோது வாய் கோணியது. அக்கா கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு, "ரெண்டு கையும் தூக்கு" என்று அந்த வெள்ளைக்காரரை அதட்டினார். ஒரு கைதான் ஏறியது. உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அக்கா "படத்துல காட்டுனாங்களே" என்று ஆரம்பித்தால் கர்ட்டன் கடையில் ஒருவரும் சிரிப்பதில்லை. கிறைஸ்ட்சர்ச்சில் பூமி அதிர்ந்த வருஷம் எங்கள் தெருவே தண்ணீர் கேனுக்கும் டார்ச்சுக்கும் அலைந்தது. அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் பை தயாராகத் தொங்கியது. அதுவும் ஒரு படம் சொல்லிக்கொடுத்ததுதான்.

அப்போதும் அக்கா பேச்சுக்குச் சிரிக்கிறவள் ஒருத்தி இருந்தாள், தர்ஷினி. பதினான்கு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். அம்மா தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் அறைக்கதவுக்குள்ளிருந்து. அந்த வருஷம் அவள் பள்ளியின் சியர்லீடிங் அணியில் சேர்ந்தாள். ஆள் கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள் என்பதால் மேலே ஏறி நிற்கிற வேலை அவளுக்கு. மூன்று பெண்கள் கீழே நின்று கைகளால் தூக்கிப் பிடிப்பார்கள், இவள் அந்தக் கைகள் மேல் நின்று சிரிக்க வேண்டும்.

அக்கா கடைக்கு வந்தார். "சியர்லீடிங்னா என்னாம்மா? கேட்டா 'கூகுள் பண்ணு'ங்குது அந்தப் பிள்ள. அதப்பத்தி படம் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. அந்த மாதம்தான் வந்திருந்தது. இரண்டு அமெரிக்கப் பள்ளிகள், இரண்டு அணிகள். ஒரு அணியின் ஆட்டத்தை இன்னொன்று திருடுகிறது. கீழே நின்று தாங்குகிற பெண்களில் ஒருத்தி எதிரணித் தலைவியின் உறவுக்காரி. உளவாளி. போட்டிக்கு முந்தைய ஒத்திகையில் அவள் வேண்டுமென்றே கையை எடுத்துவிடுகிறாள். மேலே நின்றவள் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்க, அம்மாக்காரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கடைசியில் எல்லோரும் திருந்தி ஒன்றாக ஆடுவார்கள். நான் வழக்கம்போல் இருபதாவது நிமிஷத்தில் தூங்கி, விழுகிற சத்தத்தில் எழுந்தேன்.

படத்துக்கு வரவேற்பு எப்படி என்பதை கவுண்டரில் நிற்கிறவளைவிட யாரும் நன்றாகத் தெரிந்துகொள்ள முடியாது. பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டமாக வந்து எடுத்துப்போய், மறுநாள் "படு மோசம்" என்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் எடுத்துப்போனார்கள். கோயிலில் பார்க்கிற ஒரு மாமி, பேத்திக்காக எடுத்தவர், உறையைக் கவுண்டரில் குப்புறப் போட்டார். "பாவாடையாம்மா அது? கர்ச்சீப்!" யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். அவர் கருத்து வேறு. "ஓம் தங்கச்சி, படம் பரவாயில்லை. ஆனா உந்தப் பிள்ளையள் எப்ப படிக்கிறதுகள்? ஒரு புத்தகத்தைக்கூடக் காட்டேல்லையே." இணையத்தில் மதிப்பெண் போடுகிறவர்கள் பத்துக்கு நாலு தரவே யோசித்தார்கள். என் முதலாளி இரண்டாவது மாதமே அதைத் தள்ளுபடிக் கூடையில் போட்டுவிட்டார்.

அக்கா ஏழு முறை எடுத்தார்.

இரண்டாவது தடவை ஒரு நோட்டோடு வந்தார். யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை கை தூக்குகிறது, விழுந்தால் யார் பிடிக்க வேண்டும் என்று கர்ட்டனுக்கு அளவு குறிப்பது போலப் படம் போட்டு எழுதியிருந்தார். கடைசிப் பாட்டெல்லாம் அவருக்கு வேண்டாம். விழுகிற காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

பள்ளியிலிருந்து அனுமதி ஃபார்ம் வந்திருந்தது. ஆக்லாந்துப் பள்ளிகளுக்கிடையே போட்டி. பெற்றோர் கையெழுத்து வேண்டும். அக்கா போடவில்லை. தர்ஷினி கதவை அறைந்து சாத்திவிட்டாள் என்று என்னிடம் வந்து சொன்னார்.

"அக்கா, அது படம். பொய்" என்றேன்.

"பொய்யினா அந்த அம்மா ஏன்மா அப்புடி அழுவுறாங்க?"

நடிகைக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

இரண்டு நாள் யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தன் மகளைத் தூக்குகிற கைகள் யாருடையவை என்று பார்க்க வேண்டும். அந்த மூன்று பெண்களையும் சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். தர்ஷினி அவமானத்தில் செத்துவிடுவேன் என்றாளாம். ஆனால் பெண்கள் வந்தார்கள், நன்றாகவும் சாப்பிட்டார்கள். அதில் சமோவாப் பெண் ஒருத்தி, லூபே. நல்ல உயரம், அகலமான தோள், சிரித்தால் வீடு முழுக்கக் கேட்கும். அக்கா ஊர் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்கை, மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, தட்டுகளை எல்லாம் கழுவி அடுக்கிவிட்டுப் போனாள். அன்று மாலையே அக்கா ஃபார்மில் கையெழுத்துப் போட்டார். "அந்தப் பிள்ள கைய பாத்தேம்மா. நல்ல கை" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டில் அந்த மூவருக்கும் சாப்பாடு. மகளைத் தாங்குகிறவர்களுக்கு வயிறு நிறைய வேண்டும் என்பது அவர் கணக்கு.

இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான்காவது சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில், எதிரணி பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. போட்டியில் பலமான அணி பாபகூராவில் இருக்கிற ஒரு பள்ளியுடையது. லூபே சிரித்துக்கொண்டே, "அதோட கேப்டன் என் சித்தி பொண்ணுதான் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டாள். அக்கா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் கடைக்கு ஓடி வந்தார். எனக்கு அன்று ஸ்டாக் எடுக்கிற வேலை. பெட்டிகளுக்கு நடுவில் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டேன். கேட்டதும் சிரிப்பு வந்தது. "பாத்துக்கோங்கக்கா. படத்துலயும் அப்படித்தானே, சொந்தக்காரிதானே கையை விடுவா?" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். யாரிடம் எதை விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது என்று தெரிந்துகொள்ள எனக்கு அதுவரை அவசியம் வந்ததில்லை. அவர் "ஆமால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய், பயிற்சியாளராக இருந்த இளம் டீச்சரிடம், அந்தப் பெண் என் மகளைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டதற்கு, எதிரணியில் உறவு இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை என்றிருக்கிறார். பெற்றோர் எழுப்பிய பாதுகாப்புப் புகார் என்று டீச்சர் பயந்துபோய் லூபேயைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார். அந்த இடத்தில் நிற்க வேறு பலசாலி இல்லை. ஆகவே தர்ஷினியையும் கீழே இறக்கிவிட்டார்கள்.

எதற்காக என்பது சாயங்காலத்துக்குள் பள்ளிக்கே தெரிந்துவிட்டது. தர்ஷினி வீட்டுக்கு வந்து கத்தவில்லை, அழவில்லை, கதவைக்கூட அறையவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா வைத்த தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அம்மா கேட்ட எதற்கும் ஆங்கிலத்தில்கூடப் பதில் இல்லை. போட்டிக்குப் பதினோரு நாள் இருந்தது.

புதன்கிழமை அக்கா கடைக்கு வந்து படங்களைப் பார்க்காமல் அலமாரிக்கு முன்னால் நின்றார். "அது கத்துனா பரவால்லம்மா. ஒரு வார்த்த பேசமாட்டேங்குது. வீட்டுல ரெண்டே பேரு" என்றார். நான் சொன்ன விளையாட்டை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"லூபே வீட்டுக்குப் போகலாம்கா. நானும் வர்றேன். தப்பு என்னுது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர்கள் வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, மூன்று மணிக்குப் போனோம். அக்கா மடியில் சூடாக ஒரு பெரிய டப்பா. காடியில் போகும் வழியெல்லாம், மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊர் வழக்கத்தில் நான் 'கார்' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த நாளை நினைத்தால் அவர் சொல்தான் வருகிறது. கதவைத் திறந்தவர் லூபேயின் அப்பா, பஸ் டிரைவர். நாங்கள் யார் என்று தெரிந்தும் உள்ளே வரச் சொன்னார். வாசலில் செருப்பை விட்டோம். லூபே கையில்லாத பனியனோடு தம்பிகளுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது.

அக்கா சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவர் கண் லூபேயின் தோளில் நின்றுவிட்டது. காறை எலும்பு ஓரமாக நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போன தடங்கள், ஒன்றல்ல, ஐந்தாறு. மேல்கையில் இன்னும் இரண்டு.

"யாரு அடிச்சா?" என்று அக்கா தமிழிலேயே கேட்டுவிட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

லூபே அப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "யாரும் அடிக்கல ஆன்ட்டி. டாஷ் வழுக்கும்போது அவ ஷூ இங்கதான் படும். நான் நடுவுல வந்து வாங்கிக்குவேன். இல்லன்னா தரையில விழுவா." தர்ஷினியை அணியில் டாஷ் என்று கூப்பிடுவார்கள்.

"எத்தன தடவ விழுந்துச்சு?"

"ஒரு தடவகூட விழல" என்றாள் லூபே. முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இருந்தது.

அக்கா டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்தார். அழுத்தாமல், துணி மேல் வைப்பது போல வைத்தார். "படத்துல இத காட்டவே இல்லியே" என்றார் என்னிடம். எட்டணாவுக்குப் பிரயோஜனமில்லாத ஒரு படத்தை ஏழு தடவை பார்த்த மனுஷி, அதன்மேல் சொன்ன ஒரே குறை அதுதான். பிறகு அழுதார். லூபேயின் அப்பா ஒன்றும் புரியாமல் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நானும் அழுதேன் என்பதை மறைப்பானேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போய், தான் சொன்னது தப்பு என்று டீச்சரிடம் எழுதியே கொடுத்தார். லூபே பழைய இடத்துக்கு வந்தாள். தர்ஷினி மேலே ஏறினாள். வீட்டில் மட்டும் பேச்சு திரும்பவில்லை. அக்கா தினமும் கடைக்கு வந்து, "இன்னிக்கும் இல்ல" என்பார். போட்டிக்கு வரக் கூடாது என்று மகள் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். "நான் போனா அதுக்கு வெக்கமா இருக்கும். போவலன்னா நான் செத்துருவேன்" என்றார். என் பக்கத்தில் கடைசி வரிசையில், தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உட்காரலாம் என்று முடிவானது.

உள்ளரங்கில் அவ்வளவு சத்தத்தை நான் கேட்டதில்லை. பாபகூரா அணி முதலில் ஆடியது. தலைவி லூபேயின் ஜாடையிலேயே இருந்தாள். எங்கள் பிள்ளைகள் ஐந்தாவது. தர்ஷினி மேலே போனபோது அக்கா என் முழங்கையைப் பிடித்தார். இரண்டு நிமிஷமும் ஒழுங்காகத்தான் போனது. கடைசித் தூக்கலில் அவள் கால் வழுக்கியது. யாரும் கையை விடவில்லை; இவள்தான் அவசரப்பட்டு முன்னால் சாய்ந்தாள். லூபே ஒரு அடி முன்னால் வந்து தோளைக் கொடுத்தாள். அந்தத் தோளில் ஷூ பொத்தென்று மோதிய சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. தர்ஷினி தரையில் காலூன்றி நின்றாள். லூபே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, எழுந்து, மற்றவர்களோடு சேர்ந்து கையை உயர்த்திச் சிரித்து முடித்தாள்.

பாட்டு நின்றதும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. துப்பட்டா என் மடியில் கிடந்தது. அக்கா படிகளில் ஆட்களைத் தள்ளிக்கொண்டு கீழே ஓடுகிறார். பெற்றோர் வரக் கூடாது என்று ஒருவர் தடுத்தார், அவரையும் தாண்டினார். பாய்க்கு ஓரத்தில் தர்ஷினி நின்றிருந்தாள். அம்மா தன்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்து, வெட்கமும் கோபமுமாக முகத்தைத் திருப்பினாள். அக்கா அவளைக் கடந்து போனார். மகள் பக்கம் பார்க்கவேயில்லை. லூபேக்கு முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா பட்டுச்சு? காட்டு. கைய தூக்கு. ரெண்டு கையும் தூக்கு."

லூபேக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு கையையும் தூக்கினாள். வலியில் ஒரு பக்கம் பாதியில் நின்றது. அதற்குள் பாபகூரா அணித் தலைவி ஒரு ஐஸ் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து நீட்டினாள். அக்கா அதை வாங்கி லூபே தோளில் வைத்தார். அவர் கை நடுக்கத்தில் பை நிற்காமல் நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது.

நான் போய்ச் சேர்ந்தபோது தர்ஷினி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. அவளும் முட்டி போட்டாள். அம்மாவின் விரல்களுக்கு மேல் தன் கையை வைத்து ஐஸ் பையை அழுத்தினாள்.

"நகரும்மா, நான் பிடிச்சிக்கிறேன். நீ நடுங்குற."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அக்கா நகரவில்லை. பையைப் பிடித்தபடியே திரும்பி, பதினோரு நாளுக்குப் பிறகு தன்னிடம் பேசிய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.